மகனுக்குத் தொண்டையில், எனக்குத் தொடையில்: ஒரே கிருமியா?

கேள்வி: வயது 38. நாலு மாதத்தில் மூன்றாவது முறையாகத் தொடையில் கட்டி. கீறி எடுத்த சீழைப் பரிசோதித்ததில் 'கிராம் பாசிட்டிவ் காக்கை, கொத்துகளாக' என்று வந்திருக்கிறது. என் 7 வயது மகனுக்குத் தொண்டை வலி, டெஸ்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதுவும் கிராம் பாசிட்டிவ் காக்கைதான் என்கிறது இணையம். அவனிடமிருந்து தொற்றியதா? அவனுக்கு 10 நாள் மருந்து கொடுத்தார்கள், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. நிறுத்தாதீர்கள். மகனுக்குக் காய்ச்சல் விட்டாலும் தொண்டையில் கிருமி மிச்சம் இருக்கும். சரியாக ஒழிக்காவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து, எல்லோரும் தொண்டை வலியையே மறந்திருக்கும் நேரத்தில், ருமாட்டிக் காய்ச்சல் வந்து மூட்டு வீங்கி, இதய வால்வும் கெட்டுப்போகலாம். 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம். இந்தக் கிருமி இன்றைக்கும் பழைய பெனிசிலினுக்கே அடங்குகிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

இப்போது உங்கள் கட்டி. 'கிராம் பாசிட்டிவ் காக்கை' என்பது ஒரு கிருமியின் பெயரே இல்லை. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சொன்ன முறைப்படி சாயம் ஏற்றினால் ஊதாவாகத் தெரியும் உருண்டைக் கிருமிகள், அவ்வளவுதான். 'மீசை வைத்த ஆள்' என்று சொல்வது மாதிரி. ஆளைப் பிரிப்பது 'கொத்துகளாக' என்ற சொல். உங்கள் சீழில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வெளிறிய சிவப்புச் சீழணுக்களுக்கு நடுவே ஊதாப் புள்ளிகள் திராட்சைக் குலை போலத் தொங்கும். அது ஸ்டெஃபைலோகாக்கஸ். மகனுடையது மணி கோத்த மாலைபோல வரிசையாக நிற்கும். ஆக, வேறு வேறு கிருமி, அவன்மேல் பழி போடாதீர்கள்.

பெரும்பாலும் உங்களுடையது 'ஆரியஸ்' வகையாக இருக்கும். சுமார் பத்தில் மூன்று பேர் மூக்கில் இது எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. விரல் மூக்குக்குப் போய், அப்புறம் ஷேவ் செய்த கீறலுக்குப் போனால் கட்டி. திரும்பத் திரும்ப வருவதால் சர்க்கரை அளவை ஒரு முறை பார்த்துவிடுங்கள், பலருக்கு நீரிழிவு இருப்பதே இப்படித்தான் தெரிய வருகிறது. துண்டும் ரேஸரும் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். மூக்கில் தடவும் மியூபிரோசின் களிம்பு சிலருக்கு உதவும், ஆனால் தேவையா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். தயவுசெய்து கட்டியைப் பிதுக்காதீர்கள், அது சீழை உள்ளேயும் தள்ளும்.

மாத்திரை? சீழை வெளியேற்றியதே பாதி வைத்தியம். மீதிக்கு, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் முழுசாக வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் செஃபாக்ஸிடின் என்ற மருந்தின் பக்கத்தில் 'ஆர்' (கிருமி அதற்கு அடங்காது) என்று போட்டிருந்தால் அது எம்ஆர்எஸ்ஏ, அதாவது வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஆரியஸ். பெனிசிலின் குடும்ப மருந்துகள் பெரும்பாலும் அதனிடம் எடுபடாது. அதனால் போன தடவை மிச்சமிருந்த மாத்திரையை நீங்களாகவே விழுங்க வேண்டாம்.

காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், சிவப்பு மளமளவென்று பரவினால், அல்லது பார்க்கச் சின்னதாக இருந்தும் வலி உயிர் போகிற மாதிரி இருந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.