முல்லைக்கு ஒரு நினைவு மாலை: எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பர் 9 அன்று, 28 வயதில் மறைந்தார். அவருடைய நினைவு நாளை ஊர்கூடி அனுசரிக்க விரும்பும் வாசகர்கள், கேரள, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: மண்டபத்தில் வைக்கச் சித்ராவின் படத்தைப் பெரிதாக அச்சிடப் போனோம். போனில் தெளிவாக இருந்த முகம் ஃபிளெக்ஸில் கலங்கிவிட்டது. கடைக்காரர் படம்தான் சரியில்லை என்கிறார். – வாசகி, செங்கோட்டை

கடைக்காரர் சொல்வது சரி. தொடரை ஓடவிட்டு எடுத்த ஸ்கிரீன்ஷாட் நல்ல தரத்தில் இருந்தாலும் 1920-க்கு 1080 புள்ளிகள்தான் இருக்கும். அதில் முகத்தை மட்டும் நெடுக்காக வெட்டினால் மிஞ்சுவது 720-க்கு 1080. கையில் வைத்துப் பார்க்கும் போட்டோவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பதால், இதிலிருந்து தெளிவாக எடுக்க முடிவது இரண்டரை அங்குல அகலப் படம். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க 150 புள்ளி போதும். அப்படியும் 5-க்கு 7 அங்குலம்தான் கிடைக்கும்.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிட்டு, அவருடைய அதிகாரபூர்வப் பக்கத்திலோ சேனல் பக்கத்திலோ வந்த போட்டோவை எடுங்கள். 1080-க்கு 1350 அளவுள்ள படம் 8-க்கு 10 அங்குலச் சட்டத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். அதே படத்தை 3-க்கு 4 அடியில் அடித்தால் அங்குலத்துக்கு 30 புள்ளி வரும். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது தெளிவாகவே தெரியும். 6-க்கு 8 அடி வேண்டாம், கண்ணும் உதடும் கட்டம் கட்டமாகிவிடும்.

இன்னும் மூன்று இடங்களில் படம் கெடுகிறது. கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப் போகும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். ‘தெளிவாக்கித் தருகிறோம்’ என்று சில கடைகளில் ஆப் வைத்துச் செய்வது, இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்புகிற வேலை. தோல் மெழுகு மாதிரி ஆகி, சிரிப்பு மாறி, கடைசியில் வேறொரு பெண்ணின் முகம் வந்து நிற்கும். சித்ராவை நினைக்க வைக்கிற படத்தில் சித்ராவின் முகம்தான் இருக்க வேண்டும். சின்னதாக இருந்தாலும் உண்மையான படத்தையே வையுங்கள்.

மூன்றாவதாக, ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் முல்லை’ என்று தேடினால் மூன்று முகங்கள் வரும். சித்ராவுக்குப் பின் காவ்யா அறிவுமணியும், அவருக்குப் பின் லாவண்யாவும் அந்தப் பாத்திரத்தில் நடித்தார்கள். பேனரில் சித்ராவின் பெயரும் வேறொருவர் படமும் சேர்ந்து வந்துவிட்டால் அது இருவருக்குமே செய்கிற அவமரியாதை. அச்சுக்குப் போகும் முன் தொடரைத் தவறாமல் பார்த்த இரண்டு பேரிடமாவது படத்தைக் காட்டிவிடுங்கள்.

பேனரைத் தெருவில் வைப்பதாக இருந்தால் உள்ளாட்சி அனுமதி வேண்டும். மலையைத் தாண்டி ஆரியங்காவு பக்கம் வைப்பதானால் பிவிசி ஃபிளெக்ஸே கூடாது, 2019 முதல் கேரளத்தில் அதற்குத் தடை. பருத்தித் துணியில் அச்சிடுங்கள். டிசம்பர் 9 சபரிமலை மண்டல காலம் என்பதையும் கணக்கில் வையுங்கள். புளியரை வழி முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகளாக இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களை இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் மலையாளக் குடும்பங்களும் உண்டு. அவர்களும் வருகிறோம் என்கிறார்கள். முல்லை யாரென்று எப்படிச் சொல்வது? – வாசகர், கொழிஞ்சாம்பாறை

ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ‘சாந்த்வனம்’ தொடரின் அஞ்சலிதான் தமிழில் முல்லை. 2018-ல் தமிழில் தொடங்கிய கதைதான் 2019-ல் தெலுங்கில் ‘வதினம்மா’ ஆகவும், 2020-ல் மலையாளத்தில் ‘சாந்த்வனம்’ ஆகவும் வந்தது. அண்ணனுக்கு நிச்சயம் செய்த பெண் தம்பியை மணக்க நேர்வதும், ஒட்டாமல் தொடங்கிய அந்த வாழ்க்கை மெல்ல மெல்ல அன்பாவதும் சிவன்–அஞ்சலியைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் அது கதிர்–முல்லை. சித்தூர், நகரிப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னும் எளிது, ஏனென்றால் தமிழில் தனம் என்ற அண்ணியாக நடித்த சுஜிதாவேதான் ‘வதினம்மா’விலும் அண்ணி.

மேடையில் ஒப்பிட்டுப் பேச மட்டும் விடாதீர்கள். ‘எங்கள் முல்லைதான் உசத்தி’ என்று ஒருவர் ஆரம்பித்தால் கூட்டம் அதோடு வேறு திசைக்குப் போய்விடும்.

கேள்வி: புரொஜெக்டரில் அவர் நடித்த காட்சிகளைப் போட ஆசை. போனை இணைத்தால் சத்தம் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது. – வாசகர், குமுளி

இணைப்பில் கோளாறு இல்லை. ஓடிடி ஆப்கள் நகலெடுப்பதைத் தடுக்கப் பூட்டு வைத்திருக்கின்றன. போன் திரையை அப்படியே பிரதிபலித்தால் அந்தப் பூட்டு படத்தை மறைத்துவிடும். டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை நேராகப் புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ துளையில் செருகி, அதிலேயே ஆப்பைத் திறந்து ஓட்டுங்கள். நடுவில் மலிவான ஸ்ப்ளிட்டர் (ஒரு இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் கருவி) வேண்டாம், அதனாலும் படம் கறுக்கும். மலையோரத்தில் சிக்னல் நம்ப முடியாதது. முதல் நாள் மாலை, கூட்டம் நடக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். பகலில் நன்றாக ஓடுவது இரவு எட்டு மணிக்குத் திணறலாம்.

எட்டடி அகலத் திரைக்குச் சாதாரணப் புரொஜெக்டர் ஏறக்குறைய பன்னிரண்டு அடி தள்ளி இருக்க வேண்டும். திறந்தவெளி என்றால் ஆறரை மணிக்கு முன் தொடங்காதீர்கள், வெளிச்சத்தில் முகமே தெரியாது. புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் நூறு பேருக்குக் கேட்காது. தனி ஸ்பீக்கர் வைத்து, பின்னணி இசை வசனத்தை அமுக்காதபடி கனத்த ஒலியைக் குறைத்து வையுங்கள். மைக்குக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு பத்துக்குள் முடித்துவிடுங்கள்.

காட்சிகளின் உரிமை தயாரித்தவர்களிடமும் சேனலிடமும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள், முன்கூட்டியே சேனலுக்கு எழுதி அனுமதி கேளுங்கள். காட்சிகளை வெட்டி யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை எச்சரிக்கை வந்தால் உங்கள் யூடியூப் சேனலே மூடப்படும், நீங்கள் சேர்த்து வைத்த எல்லாமும் அதோடு போய்விடும்.

கேள்வி: எந்தக் காட்சிகளைத் தேர்ந்தெடுப்பது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். – வாசகி, களியக்காவிளை

சித்ராவின் நடிப்பில் ரசிகர்கள் மனம் கரைந்தது பெரிய அழுகைக் காட்சிகளால் அல்ல. கதிரோடு பேசவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண், அவன் வீட்டுக்கு வரும் நேரத்தைக் கணக்கு வைக்கத் தொடங்கும் வரை நடக்கிற மாற்றத்தை அவர் அவசரமில்லாமல் காட்டினார். அதனால் வரிசை முக்கியம். திருமணத்தை ஒட்டி ஒன்று, மனம் இளகும் இடத்தில் ஒன்று, இருவரும் இணங்கிய பின் ஒன்று என ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடமாக மூன்று காட்சி போதும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் குழந்தைகள் எழுந்து ஓடத் தொடங்கும், பேச வந்தவர்களுக்கும் நேரம் இராது.

2018 அக்டோபரிலிருந்து 2020 டிசம்பர் வரையிலான எபிசோடுகளில் மட்டும் தேடுங்கள். நடுவில் ஊரடங்கால் சில மாதம் படப்பிடிப்பு நின்றது, அந்த இடைவெளியைப் பார்த்து எபிசோடு காணாமல் போனதாக நினைத்துவிட வேண்டாம். காட்சி கிடைத்ததும் ஒளிபரப்பான தேதியையும் எத்தனையாவது நிமிடம் என்பதையும் தாளில் குறித்துவிடுங்கள். ‘கதிர் தண்ணீர் குடிக்கிற சீன்’ என்று எழுதி வைத்தால் அன்றைக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஒட்டிய ரசிகர் வீடியோக்களைத் தவிருங்கள். அவற்றில் வசனமே கேட்காது.

கேள்வி: அவர் இறந்த விதம் பற்றிச் சிலர் மேடையில் பேச விரும்புகிறார்கள். தடுப்பது சரியா? – வாசகி, புளியரை

தடுத்தே ஆக வேண்டும். இறப்பு நடந்த விதம், இடம், கடைசிப் புகைப்படங்கள், யார் மீது தவறு என்ற ஊகம் எதுவும் மேடைக்கு வரக் கூடாது. சித்ராவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்த இளம் பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். இப்படிப்பட்ட மரணத்தை விவரமாகக் கேட்பது, ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர்களுக்கு ஆபத்து. பேசுகிறவர்களிடம் முன்னாலேயே ஆளுக்கு மூன்று நிமிடம் என்றும், அவருடைய வேலையைப் பற்றி மட்டும் பேசலாம் என்றும் சொல்லிவிடுங்கள். தொகுப்பாளினியாக அவர் எப்படிப் பேசினார், முல்லையின் எந்தப் பார்வை மனதில் நின்றது என்று பேச நிறையவே இருக்கிறது. மீறினால் மைக்கை வாங்கிக்கொள்ளும் பொறுப்பை ஊரில் மரியாதை உள்ள ஒரு பெரியவரிடம் கொடுங்கள். சித்ராவின் குடும்பத்தாருக்குப் போன் செய்வதும் வீட்டுக்குப் போவதும் வேண்டாம்.

வாசலில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, இருபத்துநாலு மணி நேரமும் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் பேசலாம். உங்கள் பகுதிக்கு அதுவே தோதானது.

கேள்வி: தோவாளையிலிருந்து முல்லைப் பூ வரவழைக்கலாமா? – வாசகர், பாறசாலை

தாராளமாக. ஆனால் கார்த்திகைப் பனியில் வரத்து குறையும், விலை ஏறும், முகூர்த்த நாளாக இருந்தால் இன்னும் ஏறும். இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். காலையில் மொட்டாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் மாலையில் மலரும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிப் பழுத்துவிடும். விளக்கைப் பேனருக்கு மூன்றடி முன்னால் வையுங்கள், ஃபிளெக்ஸ் சூட்டில் உருகும்.

கேள்வி: ரசிகர்கள் தமிழிலும் தெலுங்கிலும் எழுதித் தந்த கடிதங்களை நினைவு மலராகப் போடுகிறோம். அச்சகத்தில் எழுத்து உடைகிறது. – வாசகர், நகரி

அச்சகக் கணினியில் பழைய எழுத்துரு இருக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்ததை அங்கே திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறும், தெலுங்கு ஒத்துகள் (எழுத்தோடு ஒட்டி வரும் கூட்டெழுத்துகள்) தனித்தனியாகப் பிரியும். வேர்டு கோப்பாகக் கொடுக்காமல், எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அச்சிடச் சொல்லி, இரண்டு மொழியும் தெரிந்தவர் பார்த்த பிறகு மீதியை ஓட்டலாம். நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கம் என்றால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும், அதனால் 28 அல்லது 32 எனத் திட்டமிடுங்கள்.

கேள்வி: அன்று ரத்ததான முகாமும் வைக்கிறோம். பலர் விரதம் இருக்கப் போவதாகச் சொல்கிறார்கள். – வாசகி, திருத்தணி

விரதம் இருப்பவர்கள் அன்று ரத்தம் கொடுக்க வேண்டாம், மயங்கி விழுவார்கள். கொடுப்பவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் கடைசியாகக் கொடுத்து 90 நாளும், பெண்கள் 120 நாளும் ஆகியிருக்க வேண்டும். பெண்கள் அதிகம் வரும் முகாம்களில் ஹீமோகுளோபின் குறைவால் பலர் திரும்ப நேரிடும். அவர்களை வருத்தத்தோடு அனுப்பாமல், பெயர் பதிவு, பழரசம் கொடுப்பது, ஓய்வெடுப்பவரைக் கவனிப்பது எனப் பொறுப்பு கொடுங்கள். அரசு மருத்துவமனை ரத்த மையத்திடம் முன்கூட்டியே தேதி வாங்கிவிடுங்கள். அவர்கள் குழு வந்தால்தான் முகாம் நடத்த முடியும். முகாமைக் காலையிலும் கூட்டத்தை மாலையிலும் வையுங்கள்.