பாக்கெட் எங்கே தொலைகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். விடுதியும் சேர்த்து நாலாயிரம் பேர். கோர் ஸ்விட்சுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே 10 ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட், அதாவது 10 ஜிபிபிஎஸ்) ஃபைபர் லிங்க். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டவுன்லோடு 3 ஜிபிபிஎஸ், அப்லோடு 1 ஜிபிபிஎஸ் வரை போகும். இதைக் கண்காணிக்க ஒரு சர்வரில் சுரிகாட்டா என்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருள் போட்டிருக்கிறோம். அதற்கு நெட்வொர்க் கார்டு கேட்டால், "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு போர்ட் 100 ஜி கார்டுக்குக் கொட்டேஷன் தருகிறார் விற்பனையாளர். முதல்வரோ மூன்று நாள் டிராஃபிக்கை முழுசாகச் சேமிக்க வேண்டும் என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, அந்தக் கொட்டேஷனை மடித்து பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். உங்கள் ஸ்விட்சில் 100 ஜி போர்ட் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும், கார்டைச் சர்வரோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை மூன்றாம் தலைமுறை என்றால், பதினாறு லேனில் (தடத்தில்) ஒரு திசைக்கு 126 ஜிபிபிஎஸ்தான் போகும். இரண்டு 100ம் நிரம்பி வந்தால் கார்டு வாசலிலேயே தள்ளுமுள்ளு.

உங்களுக்கு இரண்டு போர்ட் 10 ஜி போதும். இன்டெல் எக்ஸ்710, மாட்யூலோ கேபிளோ சொருகும் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் உள்ளது, என் கை தானாகப் போகும் கார்டு. பணம் இடித்தால் அதற்கு முந்தைய எக்ஸ்520 செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஆனால் போலிகள் நிறையச் சுற்றுகின்றன. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள். ஆர்ஜே45 வாயுள்ள 10 ஜி கார்டு வேண்டாம், அது சூட்டில் காயும். ஸ்விட்ச் அதே ரேக்கில் இருந்தால் மூன்று மீட்டர் டேக் கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் செம்புக் கேபிள்) ஒன்று போதும். ஃபைபர்தான் என்றால் இன்டெல் கார்டு ஏற்கும்படி கோடு செய்த ஒளி மாட்யூலாகக் கேட்டு வாங்குங்கள். கண்ட மாட்யூலையும் இந்தக் கார்டு ஏற்காது.

கடைக்காரர் ஜிகாபிட்டில் பேசுவார். நீங்கள் பாக்கெட் எண்ணிக்கையில் யோசியுங்கள்; நெட்வொர்க்கில் தரவு போகும் சிறு பொட்டலம்தான் பாக்கெட். உங்கள் 3 ஜிபிபிஎஸ் பெரும்பாலும் வீடியோ. பாக்கெட்டுக்குச் சராசரி 800 பைட் வைத்தால் நொடிக்கு நாலரை லட்சம் பாக்கெட். இன்றைய சர்வருக்கு அது பெரிய சுமையே இல்லை. அதே 10 ஜி லிங்கில் 64 பைட் குட்டிப் பாக்கெட்டுகளாக மொய்த்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம். ஒன்றுக்கு 67 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு கோர் ஒன்றுக்கு அந்த நேரத்தில் 200 துடிப்புதான். விடுதியில் வைரஸ் பிடித்த ஒரு லேப்டாப் ஊரெல்லாம் ஸ்கேன் பண்ணும்போது வருவது இந்தக் குட்டிப் பாக்கெட்தான். கண்காணிப்பு அன்றைக்குத்தானே தேவை!

இதை ஒற்றை கோரால் சமாளிக்க முடியாது. கார்டே பாக்கெட்டுகளைப் பல வரிசைகளாகப் பிரித்து ஆளுக்கொரு கோருக்கு அனுப்பும். இதற்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சும்மா விட்டால், ஒரே இணைப்பின் போகிற பாக்கெட் ஒரு கோருக்கும் வருகிற பாக்கெட் இன்னொரு கோருக்கும் போய்விடும். சாதாரண வெப் சர்வருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சுரிகாட்டாவுக்கோ பாதி உரையாடல் மட்டும் காதில் விழுந்த கதை. கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஒரு வழி சொன்னார்கள்: எந்தப் பாக்கெட் எந்த வரிசைக்கு என்று கணக்கிட உதவும் ஆர்எஸ்எஸ் சாவியில் 6டி, 5ஏ என்ற இரண்டு பைட்டையே திரும்பத் திரும்ப நிரப்பினால் இரு திசையும் ஒரே வரிசையில் விழும். எக்ஸ்710இல் லினக்ஸின் ஈத்டூல் கட்டளை கொண்டு இந்தச் சாவியைப் போடலாம். சாவியை மாற்ற முடியாத மலிவுக் கார்டு என்ன விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இனி என் சொந்தக் கதை. முன்பு ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தில் இதே வேலை பார்த்தேன். சாயங்காலம் ஆனால் போதும், கண்காணிப்பு சர்வரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பாக்கெட் காணாமல் போகும். கார்டை மாற்றினேன். மாட்யூலை மாற்றினேன். ஃபைபர் முனையைத் துடைத்துத் துடைத்துத் துடைப்பான் தீர்ந்தது. மூன்று வாரக் கடைசிகள் ஏசி குளிரில் கழிந்தன. நாலாவது வாரம், வேறு எதற்கோ, பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை அடித்தபோது இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. கார்டின் தகுதி எட்டு லேன். இப்போது ஓடுவது நாலு லேன்.

நான் கார்டைச் சொருகிய ஸ்லாட் பார்க்கப் பதினாறு லேன் நீளம். மதர்போர்டில் அதற்கு இழுத்திருந்த கம்பி நாலு லேனுக்குத்தான். வாசல் பெரிது, உள்ளே முட்டுச் சந்து. கார்டு எக்ஸ்520, இரண்டாம் தலைமுறை. நாலு லேனுக்குக் காகிதக் கணக்கே 16 ஜிபிபிஎஸ், நடைமுறையில் அதிலும் குறையும். எங்களுக்கு இரண்டு போர்ட்டிலும் சேர்ந்து 13க்கு மேல் வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்ற எட்டு நிமிடம் ஆனது, மூடியின் திருகோடு சேர்த்து. இதில் அசடு வழியவைத்த விஷயம் இன்னொன்று: ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிரைவர் லாகில் எழுதிவைத்திருக்கிறது, இந்தக் கார்டுக்கு பிசிஐ அகலம் போதவில்லை என்று. படிக்க ஆளில்லை.

அதனால் கார்டு வாங்கும் முன் உங்கள் சர்வரின் கையேட்டில் ஸ்லாட் படத்தைப் பாருங்கள். எக்ஸ்710க்கு மூன்றாம் தலைமுறை எட்டு லேன் வேண்டும். இரண்டு சிபியு உள்ள சர்வர் என்றால் அந்த ஸ்லாட் எந்த சிபியுவின் கீழ் வருகிறது என்றும் பார்த்து, சுரிகாட்டாவின் த்ரெட்டுகளை (இணையாக ஓடும் வேலைகளை) அதே சிபியுவில் கட்டிப்போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் அடுத்த வீட்டுத் திண்ணை வழியாக வரும்.

கார்டின் மேல் பழி போடும் முன் ஸ்விட்சையும் பாருங்கள். டிராஃபிக்கின் நகலைக் கண்காணிப்புக்குத் தரும் மிரர் போர்ட்டில் அப்லோடும் டவுன்லோடும் ஒரே கம்பியில்தான் வந்து சேரும். இன்று 3ம் 1ம் சேர்த்து 4, கவலையில்லை. நாளைக்கு 6ம் 5ம் ஆனால் 11; மிஞ்சியதை ஸ்விட்சே வாசலில் கொட்டிவிடும், கார்டின் கணக்கில் அது ஒரு சொட்டுகூடத் தெரியாது. அப்போது ஆப்டிகல் டேப் வாங்குங்கள். கண்ணாடி இழையில் ஒளியைப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி, மின்சாரம் வேண்டாம், திசைக்கு ஒன்றாக இரண்டு ஃபைபர் வெளியே வரும். இரண்டு போர்ட் கார்டு என்று ஆரம்பத்திலேயே நான் சொன்னது இதற்காகத்தான்.

நேப்பாடெக், எண்டேஸ் போன்ற நிறுவனங்களின் கேப்சர் கார்டுகள் (பாக்கெட்டைப் பிடித்துப் பதியவென்றே செய்தவை) பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். அருமையான சரக்கு. நானோ நொடி நேர முத்திரை தேவைப்படும் பங்குச் சந்தைக்காரர்கள் வாங்கட்டும்.

முதல்வரின் மூன்று நாள் ஆசைக்கு வருவோம். டவுன்லோடு மட்டுமே 3 ஜிபிபிஎஸ் என்றால் நொடிக்கு 375 மெகாபைட். நாள் முழுக்க அதே வேகத்தில் ஓடினால் 32 டெராபைட், மூன்று நாளுக்கு 97. ராத்திரி உச்சம் மட்டும் என்று பாதியாகக் குறைத்தாலும் டிஸ்க் செலவு கார்டின் விலையை விழுங்கிவிடும். அதில் பெரும்பகுதி என்கிரிப்ட் ஆன வீடியோ. சேமித்துவைத்து என்ன பார்க்கப் போகிறார்? யார், யாரோடு, எப்போது, எவ்வளவு என்ற ஃப்ளோ பதிவும், சந்தேகமான இணைப்புகளின் முதல் சில கிலோபைட்டும் போதும். பிள்ளைகள் பேசுவதை எல்லாம் கல்லூரி பதிந்துவைப்பது எனக்குப் பிடிக்கவும் இல்லை. இதையும் அவரிடம் சொல்லுங்கள், என் பெயரிலேயே. மிச்சப்படும் பணத்தில் ரேம் போடுங்கள்.

கேள்வி: பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் 2962 பைட், 4410 பைட் பாக்கெட்டுகள் தெரிகின்றன. எங்கள் நெட்வொர்க்கில் ஜம்போ ஃபிரேமே (வழக்கமான 1500 பைட்டை மிஞ்சும் பெரிய பாக்கெட்) கிடையாது. கார்டு பழுதா? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: பழுதில்லை. ஜிஆர்ஓ என்ற வசதி ஒரே இணைப்பின் அடுத்தடுத்த பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கி மேலே அனுப்புகிறது. 1448 பைட் தரவு இரண்டு, அதோடு ஒரே ஒரு தலைப்பு 66 பைட். கூட்டிப் பாருங்கள், 2962 வரும். மூன்று சேர்ந்தால் உங்கள் 4410. வேகத்துக்கு இது நல்லது. ஆனால் கம்பியில் வந்தது வந்தபடியே வேண்டும் என்கிற கண்காணிப்புக்கு ஆகாது. ஈத்டூலில் ஜிஆர்ஓ, அதே மாதிரி வேலை செய்யும் எல்ஆர்ஓ இரண்டையும் அணைத்துவிடுங்கள். ரீபூட் ஆனால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், தொடக்க ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள். கையோடு, வந்த பாக்கெட்டுகள் எடுக்கப்படும்வரை காத்திருக்கும் ரிங் பஃபரையும் பாருங்கள். பல கார்டுகளில் அது 512இல் நிற்கும். 4096 வரை ஏற்ற இடம் இருக்கும்.

கேள்வி: கேப்சர் செய்யும் போர்ட்டுக்கே ஐபி கொடுத்து, அதன் வழியாகவே சர்வருக்குள் லாகின் செய்யலாமா? ஒரு கேபிள் மிச்சமாகுமே. – திருச்சி வாசகர்

பதில்: கூடாது. மதர்போர்டிலேயே உள்ள 1 ஜி போர்ட் லாகினுக்கு இருக்கட்டும். கேப்சர் போர்ட்டுக்குக் காது மட்டும் போதும், வாய் வேண்டாம்.