ரெண்டு வால், நாலு இன்ஜின் – கடிதம்

வணக்கம் சார்,

ஒயிட்ஃபீல்டுல ஐ.டி.யில இருக்கேன். எங்க தாத்தா பெங்களூர் ஹெச்.ஏ.எல் ஏரோப்ளேன் ஃபேக்டரியில வேலை பார்த்தவர், நான் ஸ்கூல் படிக்கறப்பவே தவறிட்டார். போன மாசம் அல்சூர் வீட்டைக் காலி பண்ணினப்ப டிரங்குப் பெட்டியில ஒரு கறுப்பு ஆல்பம், பூரா ஏரோப்ளேன் ஃபோட்டோ. ஒண்ணுல நாலு இன்ஜின், ரெண்டு வால் இருக்கற ப்ளேன் முன்னாடி ஆளுங்க வரிசையா நிக்கறாங்க. ஒரு ஆப்ல போட்டு கிளீன் பண்ணி கலர் ஏத்தினேன், லான்காஸ்டர்னு சொல்லுது. இன்னொண்ணுல தாத்தா காக்பிட்ல உட்கார்ந்திருக்கார். அப்ப அவர் பைலட்டா? பாட்டி, தாத்தா ஃபிட்டர்தான், ப்ளேன் பாகங்களை மாட்டற மெக்கானிக்ங்கறாங்க, அவங்களுக்கு 91 வயசு, ஞாபகம் முன்னபின்ன இருக்கும். தண்ணியில ப்ளேன் நிக்கறது கொச்சினா சார்? இதையெல்லாம் கலெக்டர்ஸ் நல்ல விலைக்கு வாங்குவாங்களாமே? ஒரிஜினல், ஆப் பண்ணினது ரெண்டையும் அனுப்பியிருக்கேன்.

வித்யா

அன்புள்ள வித்யா,

இங்கிலாந்து பாம்பர் லான்காஸ்டர் இல்லம்மா, இது அமெரிக்கா பாம்பர் லிபரேட்டர். ரெண்டுக்குமே நாலு இன்ஜின், ரெண்டு வால்தான், ஆனா லான்காஸ்டருக்கு சின்னச் சக்கரம் வாலுக்கு அடியில, அதனால தரையில நிக்கறப்ப மூக்கைத் தூக்கிட்டு நிக்கும். உங்க ஃபோட்டோவுல மூக்குக்கு அடியில சக்கரம் இருக்கு, உடம்பு மட்டமா நிக்குது, ரெக்கை தோள் உயரத்துல இருந்து கிளம்புது. அதோட நம்ம ஏர்ஃபோர்ஸ்ல லான்காஸ்டர் இருந்ததே கிடையாது.

இப்ப திட்டறேன், கோச்சுக்காதீங்க. அந்த ஆப்ல ஏன் போட்டீங்க? ஒரிஜினல்ல வால் பக்கம் ஹெச், ஈ-ன்னு ஆரம்பிக்குது, மீதி மங்கல். நம்ம லிபரேட்டருங்க நம்பர் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆப் அதை பளிச்சுனு என்.எஃப்.னு எழுதி வெச்சிருக்கு. அதைவிட மோசம், ரெக்கைக்குப் பின்னாடி அசோகச் சக்கரம் இருந்துச்சு, சுதந்திரம் வந்த புதுசுல அதுதான் நம்ம அடையாளம், காவி வெள்ளை பச்சை வட்டமெல்லாம் 1950-ல இருந்துதான். வருஷம் கண்டுபிடிக்க அந்த ஒரு சக்கரம் போதும், அதைத்தான் உங்க ஆப் அழிச்சு மூணு கலர் பூசிடுச்சு. நல்லவேளை ஒரிஜினலையும் அனுப்பினீங்க.

தண்ணியில நிக்கறது கேட்டலினா, தண்ணியிலயே இறங்கி ஏர்ற ப்ளேன், இடம் கொச்சினா இருக்காது, அனேகமா நம்ம பெல்லந்தூர் ஏரி. யுத்த சமயத்துல அமெரிக்காக்காரங்க ஹெச்.ஏ.எல்-ல ப்ளேன் ரிப்பேர் பார்த்தப்ப இதுங்க ஏரியிலதான் இறங்கும். சில வருஷம் முன்னாடி நுரை பொங்கிச்சே, தீ கூடப் பிடிச்சுதே, அதே ஏரிதான், நீங்க தினமும் மூக்கைப் பொத்திட்டுத் தாண்டறது.

விலை விஷயம் எங்கிட்ட கேக்காதீங்க.

பைலட்டான்னு கேட்டீங்க. பைலட்டுன்னா சட்டையில நெஞ்சுகிட்ட ரெக்கை பேட்ஜ் குத்தியிருக்கும். உங்க தாத்தா கிரீஸ் படிஞ்ச ஓவரால்ல இருக்கார், பாக்கெட்ல ஸ்டீல் ஸ்கேல் எட்டிப் பார்க்குது. தரையில நிக்க வெச்சு இன்ஜின் ஓட்டிப் பார்க்கறப்ப காக்பிட்ல உட்கார்றது இவங்கதான். பாட்டி சரியாத்தான் சொல்லியிருக்காங்க, நீங்கதான் அவங்க ஞாபகத்தைச் சந்தேகப்பட்டுட்டு ஒரு ஆப்பை நம்பியிருக்கீங்க.

ஃபிட்டர்னு சொன்னதும் ஏன் சுருதி இறங்குது? அந்த லிபரேட்டர் எப்படி இங்க வந்துச்சுன்னு தெரியுமா? யுத்தம் முடிஞ்சு வெள்ளைக்காரன் கிளம்பறப்ப கான்பூர்ல இந்த ப்ளேனுங்களை இனிமே யாரும் ஓட்டக்கூடாதுன்னே உடைச்சுப் போட்டுட்டுப் போனான், அமெரிக்காகிட்ட இருந்து லெண்ட் லீஸ்ல, அதாவது யுத்தத்துக்காக இரவல் மாதிரி வந்தது, ஒப்பந்தம் அப்படி. 1948-ல நம்மகிட்ட கனமான பாம்பரே கிடையாது, வாங்கக் காசும் இல்ல. ஹெச்.ஏ.எல் ஆளுங்க கான்பூர் போய் அந்தக் குப்பையில ஒண்ணுல இருந்து பிடுங்கி ஒண்ணுல மாட்டி, பெங்களூர் வரைக்கும் பறந்தா போதும்ங்கற அளவுக்கு ஒப்பேத்தினாங்க. டெஸ்ட் பைலட் ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொண்ணா ஓட்டிட்டு வந்தார், பெரிய தைரியம்தான், மறுக்கல. இங்க வந்ததும் பிரிச்சு மேஞ்சு திரும்பக் கட்டினாங்க. 1968 வரைக்கும் அதுங்க பறந்துச்சு. அதுல ஒண்ணு இன்னைக்கும் இங்கிலாந்துல ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துல நிக்குது, ஜனங்க வந்து பார்க்கறாங்க. முன்ஷி பேர் புத்தகத்துல இருக்கு, சரி. கான்பூர் வெயில்ல தகரத்துக்கு அடியில படுத்தவன் பேரு எந்தப் புத்தகத்துல இருக்கு?

எங்கப்பாவும் ஹெச்.ஏ.எல்-ல ஃபிட்டர்தான், ப்ளேனோட உடம்பு, ரெக்கை கட்டற ஏர்ஃப்ரேம் ஷாப். ஆள் சின்ன உருவம், அதனால ரெக்கைக்குள்ள அவரைத்தான் நுழையச் சொல்லுவாங்க. தகடுகளைச் சேர்க்கற ரிவெட் ஆணி அடிக்கறப்ப உள்ள ஒருத்தன் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிச்சுக்கணும், வெளிய இருக்கறவன் ரிவெட் கன் மெஷினை வெச்சு அடிப்பான், உள்ள இருக்கறவன் காதுக்குள்ளயே அடிக்கற மாதிரி இருக்குமாம். நாப்பது வயசுக்குள்ள அவருக்கு பாதி காது போயிடுச்சு. மர்ஃபி டவுன் வீட்ல நாங்க எல்லாருமே கத்திக் கத்தித்தான் பேசுவோம், வந்தவங்க ஏதோ சண்டைன்னு வாசல்லயே நிப்பாங்க. அவர்கிட்ட ஒரு குரூப் ஃபோட்டோவைக் காட்டினா ப்ளேன் பேரே சொல்லமாட்டார். இவன் மாணிக்கம், கோலார்ல இருந்து ரயில்ல வருவான், இவன் அப்துல், ரம்ஜானுக்கு ஷாப்புக்கே பிரியாணி கொண்டு வருவான், இவன் ஜோசப், கடன் வாங்கிட்டு ஓடிட்டான் ராஸ்கல்னு வரிசையா போவார். அது என்ன ப்ளேன்பான்னு நான் நச்சரிச்சா, ஏதோ ஒண்ணு போடாம்பார்.

வெளிநாட்ல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, நம்பர் தெரிஞ்சா அந்த ப்ளேன் எந்த ஃபேக்டரியில பிறந்து எங்க செத்துதுன்னு வரைக்கும் சொல்லிடுவாங்க. ப்ளேன் பேரை நீங்க இன்னும் இருபது வருஷம் கழிச்சுக் கேட்டாலும் யாராவது சொல்லுவாங்க வித்யா. முன்னாடி நிக்கற ஆளுங்க பேரை இன்னைக்கு பாட்டியைத் தவிர யார் சொல்லப்போறா? உங்க கடிதத்துல அவங்களுக்கு "ஆளுங்க"ன்னு ஒரே வார்த்தைதான். இந்த ஞாயித்துக்கிழமை ஃபோட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க, ஃபோன்ல காட்டாதீங்க, 91 வயசுக் கண்ணுக்கு ஃபோன் உதவாது. ரெக்கார்டரை ஆன் பண்ணி வெச்சுட்டு சும்மா இருங்க, அவங்க ப்ளேனை விட்டுட்டு குவார்ட்டர்ஸ் தண்ணிச் சண்டைக்குப் போனாலும் நடுவுல இழுக்காதீங்க, பேரெல்லாம் அங்கதான் வரும்.

ஆல்பத்துல இருந்து ஃபோட்டோவைப் பிய்க்காதீங்க. மூலையில சொருகியிருந்தா மட்டும் மெதுவா எடுத்து பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தா எனக்கு அனுப்புங்க. ஃப்ரேம் போடறது உங்க இஷ்டம். லேமினேஷன் கடை பக்கம் மட்டும் போயிடாதீங்க, தயவுசெஞ்சு.