அஞ்சலக பிபிஎஃப் கணக்கை வங்கிக்கு மாற்றினால் வரிவிலக்கு போய்விடுமா?

ஏற்காடு அஞ்சலகத்தில் 2015 முதல் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி என்னும் 15 ஆண்டு சேமிப்பு) கணக்கு இருக்கிறது, இப்போது சேலத்துக்குக் குடிவந்துவிட்டேன், அதை இங்குள்ள வங்கிக்குக் கொண்டுவரலாமா, வங்கியில் கிடக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டையும் அதிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரிவிலக்கு எங்கும் போகாது. அஞ்சலகமானாலும் வங்கியானாலும் அது ஒரே மத்திய அரசுத் திட்டம். 2020 ஏப்ரல் முதல் வட்டியும் 7.1 சதவீதம்தான். எந்த வங்கி அதிகம் தரும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் "பழையதை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடும் நோய், மேற்படிப்பு போன்ற காரணங்களுக்குத்தான் இடையில் முடிக்க முடியும். அதற்கும் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதப் புள்ளியைக் குறைத்துவிடுவார்கள். புதிய கணக்கு என்றால் 15 ஆண்டுகளை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, கணக்கு இருக்கும் அஞ்சலகத்தில் மாற்ற விண்ணப்பமும் பாஸ்புக்கும் கொடுப்பது. வங்கிக் கிளையின் முழு முகவரியையும் அதில் எழுதுங்கள். கணக்கின் நகல், முதன்முதலில் நீங்கள் எழுதிக் கொடுத்த படிவம், கையெழுத்து மாதிரி, இருப்புத் தொகைக்கான காசோலை அல்லது டிராஃப்ட் எல்லாவற்றையும் அவர்களே அந்தக் கிளைக்கு அனுப்புவார்கள். பணம் உங்கள் கைக்கு வராது, வரவும் கூடாது.

என் அண்ணியின் கணக்கு இதே மலையிலிருந்து இறங்கியதுதான். கணக்குத் தொடங்கியபோது தமிழில் கையெழுத்துப் போட்டவர், இடையில் வேலைக்காக ஆங்கிலத்துக்கு மாறியிருந்தார். கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டிவிட்டார். ஆதார், பான் நகல்களோடு புதிய கையெழுத்தைப் பதிவுசெய்த பிறகே வேலை நகர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போவதற்கு முன்பே உங்கள் பழைய கையெழுத்து நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கி தரும் புது பாஸ்புக்கில் கணக்குத் தொடங்கிய தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அண்ணிக்கு வந்த பாஸ்புக்கில் மாற்றிய தேதியே தொடக்கத் தேதியாக அச்சாகியிருந்தது. எழுதிக் கொடுத்துத் திருத்தினோம். 2015 ஆகஸ்டில் தொடங்கிய கணக்கென்றால் அந்த நிதியாண்டின் முடிவிலிருந்து 15 ஆண்டு, அதாவது 2031 மார்ச்சோடு நிறைவு. இது தவறாகப் பதிவானால் அன்றைக்குப் போய் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நாமினி பெயரும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மார்ச் கடைசியில் மட்டும் விண்ணப்பம் கொடுக்காதீர்கள். காகிதம் நடுவழியில் இருக்கும்போது அந்த ஆண்டுக்கான பணத்தைக் கட்ட முடியாமல் தவிப்பீர்கள்.

வீட்டிலிருந்தே பணம் கட்டுவதுதான் நோக்கம் என்றால், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிச் செயலி மூலம் அஞ்சலக பிபிஎஃப்புக்கே கட்டலாம். அப்படியானால் மாற்றும் அலைச்சலே தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனி டெபாசிட். மொத்தமாகக் கொட்ட முடியாது, நிதியாண்டுக்கு 1.5 லட்சம்தான் வரம்பு. ஆனால் மார்ச் 31க்குள் ஒரு 1.5 லட்சம், ஏப்ரல் 5க்குள் இன்னொரு 1.5 லட்சம் என்று ஒரே வாரத்தில் 3 லட்சத்தை உள்ளே கொண்டுவரலாம். ஃபிக்ஸட் டெபாசிட்டின் முதிர்வை அந்தச் சமயத்துக்கு வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். அந்த 5ஆம் தேதி முக்கியம்: ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி. ஏப்ரல் 6இல் 1.5 லட்சம் கட்டினால் ஒரு மாத வட்டி, ஏறத்தாழ 887 ரூபாய், போய்விடும். மனைவி பெயரில் தனிக் கணக்கு இருந்தால் அவருக்கும் தனியாக 1.5 லட்சம் வரம்பு உண்டு.

ஆனால் உங்களுக்கு வரி வருகிறதா? அதை நீங்கள் சொல்லவில்லை. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 7 சதவீத டெபாசிட், வரியையும் அதன் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியையும் கழித்தால் 4.8 சதவீதம்தான் கையில் நிற்கும். அவருக்கு பிபிஎஃப் லாபம். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. அதற்குள் இருப்பவர் வரியில்லாத வட்டிக்காகப் பணத்தைப் பூட்டி வைப்பதில் பெரிய பொருள் இல்லை. பணம் கட்டுவதற்கான வரிக்கழிவும் பழைய வரிமுறையில்தான் கிடைக்கும். வட்டிக்கான விலக்கு மட்டும் இரண்டிலும் உண்டு.

வீட்டில் பத்து வயது நிறையாத பெண் குழந்தை இருந்தால் பிபிஎஃப்பை விட்டுவிட்டு முதலில் செல்வமகள் கணக்கைப் பாருங்கள். 2024 ஜனவரி முதல் அதற்கு 8.2 சதவீதம், அந்த வட்டிக்கும் வரி இல்லை, அதன் 1.5 லட்சம் வரம்பும் தனி.