போதை மீட்பு ஆலோசகர் ஆக என்ன மேல்படிப்பு படிக்கலாம்?

கிருஷ்ணகிரியில் பட்டப்படிப்பு முடித்த தங்கை போதை மீட்பு ஆலோசகர் ஆக என்ன படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) சேரட்டும், அதில் மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவை எடுக்கட்டும். எம்.எஸ்சி. உளவியலும் சரிதான்.

ஆனால் களப்பயிற்சி எங்கே தருகிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், உளறல் வரலாம், வலிப்புகூட வரலாம். அந்த நேரத்தில் அறிவுரை உதவாது, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதை வார்டில் நின்றுதான் கற்க முடியும். அப்புறம், குடிப்பவரைத் திட்டாமல் பேசவைக்கவும், கூட வரும் மனைவியிடம் தனியாகப் பேசவும் பழக வேண்டும்.

ஓசூர் தாண்டினால் பெங்களூரு. அங்கே நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தில் போதை சிகிச்சைக்குத் தனி மையமே இருக்கிறது. பயிற்சிக்கு முதலில் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.