மூணு தலைமுறையா தாராவியில் இருக்கிறோம். எங்கள் உடல் மும்பைக்கு ஏற்பப் பரிணாமம் அடைந்திருக்குமா?

இயற்கைத் தேர்வு வழியாக, அதாவது கூடுதல் வாரிசு தரும் மரபணு வடிவம் பெருகுவதன் வழியாக, கணக்கில் சொல்லும்படி எதுவும் நடந்திருக்காது. தாத்தாவை விடப் பேரன் உயரமாக இருக்கிறான் என்றால், அதற்குப் பெரும்பாலும் சிறுவயதுச் சாப்பாடும் தடுப்பூசியும்தான் காரணம். தனி மனிதர் பரிணாமம் அடைவதில்லை. ஒரு மக்கள்தொகையில் ஒரு மரபணு வடிவத்தின் விகிதம் தலைமுறைதோறும் மாறுவதே பரிணாமம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வடிவம் 10% இருக்கிறது. அதன் ஒவ்வொரு பிரதியும் 5% கூடுதல் வாரிசு தருகிறது என்று வையுங்கள். இதுவே மிக வலுவான இயற்கைத் தேர்வு. அப்படியும் மூன்று தலைமுறையில் அது சுமார் 11.4% வரைதான் ஏறும்.

தற்செயலின் பங்கை யாரும் கவனிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து 50 பேர் வந்து குடியேறினால், ஆளுக்கு இரண்டு வீதம் அவர்களிடம் அந்த மரபணுவின் 100 பிரதிகள் இருக்கும். ஊரில் 10% இருந்த வடிவம் இந்தக் குழுவில் 7 ஆகவோ 13 ஆகவோ இருப்பது சகஜம். தேர்வு மூன்று தலைமுறையில் செய்வதை விடப் பெரிய மாற்றம் ரயிலேறும்போதே நடந்துவிடுகிறது! இதற்கு நிறுவனர் விளைவு என்று பெயர்.

ஊரிலிருந்தே பெண் எடுத்தால் ஊர் மரபணுக்கள் இங்கே வந்து கலக்கும்; இந்த மரபணுப் பாய்வு அந்த வேறுபாட்டை மெல்ல அழிக்கும். மாமன் மகளைக் கட்டுவதால் மட்டுமே விகிதம் மாறிவிடாது. ஆனால் ஒரே பழுதுள்ள வடிவம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பைக் கூட்டும். குடும்பத்தில் தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.