போன பில்லையும் சேர்த்துப் பாருங்கள்

வணக்கம். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. இரண்டு மாதத்துக்கு எப்போதும் 420, 440 யூனிட் கரண்ட்தான் ஓடும். ஜூலை-ஆகஸ்டில் 270 வந்தது. செப்டம்பர்-அக்டோபரில் திடீரென்று 590. நாங்கள் ஊருக்குப் போகவில்லை, விருந்தாளிகளும் வரவில்லை. எலக்ட்ரீஷியன் மீட்டரை டெஸ்ட் பண்ணச் சொல்கிறார். வீட்டுக்காரர், 14 வருஷத்து ஃப்ரிட்ஜைத் தள்ளிவிட்டு 22,000 ரூபாயில் புதிது வாங்கலாம் என்கிறார். எதைச் செய்ய?
ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

வீட்டில் எல்லாரும் 590-ஐயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் 270 மேல்தான். இரண்டையும் கூட்டினால் 860. பாதி 430, உங்கள் வழக்கமான அளவு. போன முறை ரீடிங்கை 160 குறைத்து எழுதியிருந்தால், அந்த 160 இந்த முறை தானாக வந்து சேரும். ஒரே காரணத்தில் இரண்டு பில்லும் விளங்கிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் 590-க்குக் காரணமாகலாம், 270-க்கு ஆகாது. மீட்டர்தான் கோளாறு என்றால் இரண்டு மாதம் மெதுவாக ஓடி, விட்டதை அடுத்த இரண்டு மாதத்தில் சரியாகப் பிடித்திருக்க வேண்டும். அப்படிக் கணக்குப் பார்த்துக் கெடும் மீட்டர் அபூர்வம்.

எண் பொருந்துகிறது என்பதற்காக உடனே முடிவுகட்ட வேண்டாம். ஞாயிறு காலை 7 மணிக்கு மீட்டர் ரீடிங்கைக் குறித்துவையுங்கள். டிஸ்பிளே மாறிக்கொண்டே இருக்கும். கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று வரும்போதுள்ள எண்தான் வேண்டும், வோல்ட்டை எழுதிவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். 50 யூனிட் பக்கம் ஓடியிருந்தால் பிழை பழைய ரீடிங்கில். 70 பக்கம் என்றால் வீட்டில் ஏதோ புதிதாக இழுக்கிறது.

இழுக்கிறது என்றால், அந்த 160 யூனிட்டை 60 நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 2.7 யூனிட் கூடுதல். அதாவது சுமார் 110 வாட் இரவும் பகலும். எம்சிபி (போர்டில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அப்போதும் துடித்தால் வயரிங்கில் கசிவு, அல்லது வேறு யாரோ உங்கள் லைனில் இருக்கிறார்கள். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் நிற்காமலே ஓடினால் முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள்: ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாம்.

வாரத்துக்கு 50 தான் என்றால் புது ஃப்ரிட்ஜ் கணக்குக் கட்டுப்படியாகாது. 2022 செப்டம்பர் கட்டணத்தில் போடுகிறேன்; அதற்குப் பிறகு விகிதம் மாறியிருக்கிறது. புதியது நாளுக்கு ஒரு யூனிட் மிச்சப்படுத்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும் பில்லுக்கு 60 யூனிட். உங்கள் 430-இல் 400-க்கு மேலே உள்ள 30 யூனிட் தலா 6 ரூபாய், அதற்குக் கீழே உள்ள 30 தலா நாலரை. ஆக 315 ரூபாய், வருஷத்துக்கு 1,890. போட்ட 22,000 திரும்பவே பதினொரு வருஷத்துக்கு மேல் ஆகும். சராசரி விலையில் பெருக்கிப் பார்க்கக் கூடாது. குறையப்போவது எந்த ஸ்லாபில் (கட்டணப் படியில்) உள்ள யூனிட் என்பதுதான் விஷயம்.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில். அதே கட்டணத்தில் 430, 430 என்று வந்திருந்தால் மொத்தம் 2,610 ரூபாய். 270-க்கு 540, 590-க்கு 2,670, ஆக 3,210. அந்தக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு உண்டான பாதி விலைச் சலுகை போய்விடுகிறது, 500-க்கு மேல் உள்ளவை 8 ரூபாய்க்குப் போகின்றன. அந்த 600 ரூபாய்க்காக இரண்டு பில் நகலையும் ஒரு வாரக் குறிப்பையும் வைத்து, இரண்டு பில்லையும் திருத்திக் கணக்கிடும்படி மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு மனு கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மனு கொடுத்தாயிற்றே என்று இந்த பில்லைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். கெடு தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்துவிடும்.